ஸ்கேனில் 52 சிசி, இரவில் நான்கு நடை: இது எவ்வளவு மோசம்?

இரவுக்காவலன் கேட்டது:

வணக்கம். எனக்கு வயது 67. பிழை திருத்துபவனாக முப்பது வருடம் உட்கார்ந்தவன், அதனால் எதையும் வரி வரியாகத்தான் சொல்ல வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றரை வருடமாக இரவுத் தூக்கம் துண்டு துண்டாகப் போகிறது. பத்து மணிக்குப் படுத்தால் விடிவதற்குள் நான்கு தடவை பாத்ரூம். வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிட்டேன். போன மாதம் மூன்றாவது நடையில், விளக்குப் போடாமல் போனவன், கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். "விழுந்து இடுப்பை முறிச்சுக்கிட்ட பிறகுதான் டாக்டர்கிட்ட போவீங்களா?" என்று மனைவி கேட்டாள். அதற்கு மேல் சாக்குச் சொல்ல முடியவில்லை. போனேன்.

பகலில் பெரிய தொல்லை இல்லை. நீர் இறங்க ஆரம்பிக்கச் சில நொடிகள் நிற்க வேண்டும். வேகம் முன்போல் இல்லை. எல்லாம் முடிந்தது என்று உடையைச் சரிசெய்த பிறகு இரண்டு சொட்டு வந்து மானத்தை வாங்கும். எரிச்சல், ரத்தம், காய்ச்சல் எதுவும் கிடையாது. சர்க்கரை இல்லை. பிரஷருக்கு இரண்டு வருடமாக அம்லோடிபின் 10 மில்லிகிராம், கொலஸ்ட்ராலுக்கு ஒரு மாத்திரை.

டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பினார். அங்கே ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்கச் சொல்லிவிட்டு, என் முறை வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆக்கினார்கள். காலை மாற்றி மாற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ரிப்போர்ட்டில்: புராஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) 52 சிசி, நீர் கழித்த பின் மீதம் 130 மில்லி. "கொஞ்சம் பெரிசாத்தான் இருக்கு" என்று அங்கிருந்தவர் சொல்லி அனுப்பினார். அதைக் கேட்டதிலிருந்து பாத்ரூம் வராத நேரத்திலும் விழித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

என் குழப்பம் இதுதான். என் வயதுக்கார நண்பர் ஒருவருக்கு புராஸ்டேட் 31 சிசிதான். ஆறு வாரத்துக்கு முன் அவருக்கு ஒரேயடியாக நீர் அடைத்துக்கொண்டு, அவசரப் பிரிவில் குழாய் போட்டு 900 மில்லி எடுத்தார்கள். 31-க்கே அந்தக் கதி என்றால் 52-க்கு? மைத்துனர் "இப்பவே ஆபரேஷன் பண்ணிடுங்க, வயசு ஏறினா தாங்க மாட்டீங்க" என்கிறார். டாக்டரோ பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை பார்க்கலாமா என்று கேட்டார். அது புற்றுநோய் டெஸ்ட் ஆயிற்றே என்று, யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவி வந்துவிட்டேன்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அவசரக்காரன்:

சார், இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். எனக்கு 48 சிசி. டாம்சுலோசின் 0.4 என்ற புராஸ்டேட் மாத்திரை ஆரம்பித்தேன், ஒரே வாரத்தில் வேகம் திரும்பியது. போய் அதை எழுதி வாங்குங்கள். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் மட்டும் தலை சுற்றும். என் அண்ணன் சா பால்மெட்டோ என்று ஒரு மூலிகைக் கேப்ஸ்யூல் சாப்பிடுகிறார், நல்லது என்கிறார். அதையும் பாருங்கள்.


பழைய ஓபி சிஸ்டர்:

வணக்கம் அண்ணா. யூராலஜி (சிறுநீர்ப் பாதை மருத்துவம்) வெளிநோயாளிப் பிரிவில் 24 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டாக்டர் இல்லை, மருந்து எழுத மாட்டேன். ஆனால் டாக்டர் அறைக்குள் போவதற்கு முன் ஆட்களைக் கேள்வி கேட்டு, அளந்து, தாள் நிரப்பி அனுப்புவதுதான் என் வேலை. அந்த அளவுக்குச் சொல்லலாம்.

முதலில் அந்த 52-ஐ ஓரமாக வையுங்கள். மூத்திரக் குழாய் புராஸ்டேட்டுக்கு நடுவில் புகுந்து போகிறது. சுரப்பி வெளிப்பக்கமாகப் பருத்தால் 80 சிசி இருந்தும் ஆள் நிம்மதியாக இருப்பார். நடு மடல் மட்டும் மூத்திரப்பையின் வாய்க்குள் மொட்டு மாதிரி தள்ளிக்கொண்டு வந்தால் 30 சிசி போதும், முக்குகிற நேரத்தில் அதுவே மூடியாகிவிடும். எங்கள் ஓபியில் இந்த இரண்டு வகை ஆட்களும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் ரிப்போர்ட்டை ஒருவர் பார்த்துப் பயந்துகொண்டிருப்பார்கள். எந்த மருந்து, எந்த வகை ஆபரேஷன் என்று தேர்ந்தெடுக்கும்போது அளவு உதவும். எவ்வளவு கஷ்டம், ஆபரேஷன் தேவையா என்பதை அது மட்டும் சொல்லாது.

உங்கள் நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: அடைத்துக்கொண்ட அன்று சளிக்கு ஏதாவது மாத்திரை போட்டாரா? மூக்கடைப்புக்கான சூடோஎஃபெட்ரின் பையின் கழுத்தை இறுக்கும். கூடவே தூக்கம் வரவைக்கிற பழைய ரக அலர்ஜி மருந்து இருந்தால் அது பையின் தசையைச் சோம்பலாக்கும். இரண்டும் ஒரே மாத்திரையில் இருக்கும் சளி மருந்துகள் நிறைய. குளிர்காலத்தில் குழாய் போட வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

அப்புறம், இரவில் எழுவதற்கெல்லாம் புராஸ்டேட்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு காலத்தில் வயதான ஆண்களின் எல்லா நீர்த் தொல்லைக்கும் "புராஸ்டேடிசம்" என்று ஒரே சீட்டு ஒட்டினார்கள். பிரிஸ்டலைச் சேர்ந்த பால் ஆப்ரம்ஸ் என்ற யூராலஜி டாக்டர்தான் 1994-ல் அந்தப் பெயரை விட்டுவிட்டு, "கீழ்ச் சிறுநீர்ப்பாதை அறிகுறிகள்" என்று பொதுவாகச் சொல்லுங்கள் என்று எழுதினார். வார்த்தையை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று எனக்கும் தோன்றியது. ஆனால் ஆண்களின் நீர்த் தொல்லையை அளக்கும் கேள்வித்தாளை வயதான பெண்களிடம் கொடுத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட அதே மதிப்பெண் வந்தது. புராஸ்டேட்டே இல்லாதவர்கள்! பை சரியில்லாமல் இருக்கலாம், சிறுநீரகம் இரவில் அதிகம் சுரக்கலாம், இதயம், சர்க்கரை, தூக்கம், மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம்.

அந்தக் கேள்வித்தாளைச் சொல்கிறேன். ஐபிஎஸ்எஸ் என்பார்கள். 1992-ல் அமெரிக்க யூராலஜி சங்கம் உருவாக்கிய ஏழு கேள்விகள், எல்லாம் போன ஒரு மாதத்தைப் பற்றி. முழுதாகக் காலியாகவில்லை என்ற உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போவது, விட்டு விட்டு வருவது, அடக்க முடியாத அவசரம், மெலிந்த வேகம், ஆரம்பிக்க முக்குவது. இந்த ஆறுக்கும் "ஒருபோதும் இல்லை" என்றால் 0, "ஏறத்தாழ எப்போதும்" என்றால் 5. ஏழாவது, இரவில் எத்தனை தடவை எழுகிறீர்கள். அதில் தடவைதான் மதிப்பெண், ஐந்துக்கு மேல் போனாலும் 5. மொத்தம் 35. ஏழு வரை லேசு, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமை. எட்டாவதாக ஒரு கேள்வி உண்டு, அது கூட்டலில் சேராது: மிச்ச வாழ்நாள் முழுவதும் இப்படியே இருந்தால் எப்படி இருக்கும்? 0 முதல் 6. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியம். 22 வாங்கிவிட்டு "எனக்கு இதில் ஒன்றும் கவலை இல்லை" என்கிற ஆளையும் பார்த்திருக்கிறேன், 9 வாங்கிவிட்டு அழுத ஆளையும் பார்த்திருக்கிறேன்.

தாளை நீங்களே நிரப்புங்கள். மனைவி பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் பேனா உங்கள் கையில். எங்கள் ஓபியில் ஆண்கள் "இரவில் ஒன்று இரண்டு" என்பார்கள். பின்னால் நிற்கும் மனைவி நான்கு விரலைக் காட்டுவார்.

இதைவிடப் பெரிய வேலை ஒன்று. அளவுக்கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குடுவையும் ஒரு நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் அதில் பிடித்து, மணியையும் மில்லியையும் எழுதுங்கள். என்ன குடித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள் என்பது கட்டாயம். அந்த மூன்று நாளும் வழக்கம்போலவே குடியுங்கள். நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று குறைக்காதீர்கள்.

உங்கள் 130 மில்லி மீதத்தை நான் இப்போதைக்கு நம்ப மாட்டேன். ஒரு லிட்டரை ஊற்றி, இரண்டு மணி நேரம் அடக்க வைத்து, வெளியே ஆள் கதவைத் தட்ட அவசரமாகப் போய்வந்தால் யாருக்கும் மீதம் நிற்கும். சாதாரணமாக வருகிற உணர்வோடு, நிதானமாகப் போய்வந்து, உடனே அளக்க வேண்டும். முடிந்தால் அதே நாள் யூரோஃப்ளோ. பெரிய விஷயமில்லை, தராசின் மேல் ஒரு புனல், அதில் நீர் விட்டால் வேகத்தை வரைந்து காட்டும். 150 மில்லியாவது போயிருந்தால்தான் அந்தப் படத்துக்கு அர்த்தம் உண்டு. உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லிக்கு மேல் என்றால் பெரிய அடைப்புக்கு வாய்ப்புக் குறைவு. 10-க்குக் கீழே என்றால் அடைப்பாக இருக்கலாம், தசை தளர்ந்த பையாகவும் இருக்கலாம். அந்தப் படம் மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது.

பிஎஸ்ஏ விஷயம். அது புற்றுநோயைக் காட்டும் மணி இல்லை, புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம், அவ்வளவுதான். சாதாரண வீக்கத்துக்கும் ஏறும், தொற்றுக்கும் ஏறும், குழாய் போட்டால் ஏறும். தொற்று வந்திருந்தால் ஆறு வாரமாவது கழித்துப் பார்ப்பார்கள். புராஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டெரைட், டூடாஸ்டெரைட் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆறு மாதத்தில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்து காட்டும், இரட்டித்துத்தான் படிக்க வேண்டும். ஏறி வந்தால் அடுத்து என்ன செய்வோம் என்று டாக்டரிடம் முதலிலேயே பேசிவிட்டுப் பாருங்கள். ஆசனவாய் வழியாகப் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்க்கும் விரல் பரிசோதனையையும் மறுக்காதீர்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. மூக்கு நுனி மாதிரி நெகிழ்வாக, வழுவழுப்பாக இருந்தால் அது பெரும்பாலும் சாதாரண வீக்கம். விரல் முட்டி மாதிரி கெட்டியாக ஒரு இடம் தட்டினால் பிஎஸ்ஏ எவ்வளவு இருந்தாலும் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

அவசரக்காரன் தம்பி, உங்களுக்கு மாத்திரை கேட்டது சந்தோஷம். ஆனால் கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் டாம்சுலோசின் சாப்பிடுவதை, நிறுத்தியிருந்தாலும்கூட, கண் டாக்டரிடம் சொல்லுங்கள். கருவிழிப் படலம் தளர்ந்து ஆபரேஷன் நடுவில் தொல்லை கொடுக்கும். சா பால்மெட்டோவை 2006-லும் 2011-லும் பெரிய ஆய்வுகளில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதைவிட மேலாக ஒன்றும் இல்லை. அண்ணனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.


எழுபத்துமூன்று:

சிஸ்டர் சொன்னதில் ஒன்று விட்டுப்போனது. என் கதையால் அதைச் சொல்கிறேன்.

எனக்கு வலியே இல்லை. அவசரம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன், தூக்கத்தில் படுக்கை நனைய ஆரம்பித்தது. இந்த வயதில்! யாரிடம் சொல்வது? விடியற்காலையில் எழுந்து விரிப்பை நானே அலசிப் போடுவேன், வியர்வை என்பேன். கசிகிறது என்றால் தாழ்ப்பாள் தளர்ந்துவிட்டது, தண்ணீரைக் குறைத்தால் சரியாகும் என்பது என் கணக்கு. மூன்று மாதம் அப்படியே ஓட்டினேன். சட்டைப் பொத்தான் அடிவயிற்றில் இறுகியது, தொப்பை என்று நினைத்தேன். பசி போனது, வாந்தி வருகிற மாதிரி இருந்தது. மகள்தான் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் வயிற்றில் விரலால் தட்டினார், தொப்புள் வரை மந்தமான சத்தம். குழாய் போட்டார்கள். 1,400 மில்லி. பை நிரம்பி வழிந்ததைத்தான் நான் கசிவு என்று நினைத்திருக்கிறேன். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறி, இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தன. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் டயாலிசிஸ் வரை போயிருக்கும் என்றார்கள். ஆபரேஷன் ஆனது. சிறுநீரகம் பெருமளவு தேறியது, முழுதாக இல்லை.

அந்தக் கேள்வித்தாளில் எனக்கு எவ்வளவு வந்தது தெரியுமா? 12. படுக்கை நனைகிறதா என்று அதில் கேள்வியே இல்லை. நானும் சொல்லவில்லை.


பழைய ஓபி சிஸ்டர்:

ஐயா, இதை எழுதினதற்கு நன்றி. விட்டது என் தப்புதான். வயதான ஆணுக்குப் புதிதாக இரவில் படுக்கை நனைந்தால், மற்றபடி எதுவும் இல்லாவிட்டாலும், அன்றே காட்ட வேண்டிய விஷயம். அதேபோல் நீரில் ரத்தம், ஒருநாள் கண்டு மறுநாள் நின்றுபோனாலும் சரி. குளிரோடு காய்ச்சல். முதுகுவலியோடு கால் பலம் குறைவது, உட்காரும் இடம் மரத்துப்போவது. முக்கியும் சொட்டுகூட இறங்காதது. இதற்கெல்லாம் குடுவை, நோட்டு என்று உட்காரக்கூடாது, உடனே ஓட வேண்டும்.


இரவுக்காவலன்:

எல்லோருக்கும் நன்றி. எழுபத்துமூன்று ஐயா எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எனக்கு நனைவதில்லை. இருந்தாலும் அன்று இரவு அடிவயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் படுத்தேன்.

நண்பரிடம் கேட்டேன். சிஸ்டர், நேரில் பார்த்த மாதிரி சொல்லியிருக்கிறீர்கள். சளிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இரவு முழுக்கப் பேருந்தில் போயிருக்கிறார், இறங்கிப் போகச் சோம்பல்பட்டு அடக்கியிருக்கிறார். விடிந்து இறங்கியபோது வரவில்லை. அவருக்கு நடு மடல்தான் தள்ளிக்கொண்டிருக்கிறதாம்.

தாளை நிரப்பினேன். காலியாகாத உணர்வு 1, அடிக்கடி போவது 2, விட்டு விட்டு 1, அவசரம் 1, வேகக் குறைவு 2, முக்குவது 0, இரவு 4. கூட்டினால் 11. எட்டாவது கேள்விக்கு 4 போட்டேன், "பெரும்பாலும் திருப்தியில்லை". மனைவி பார்த்துவிட்டு, அவசரத்துக்கு 1 தானா என்று ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். நான் மாற்றவில்லை.

மூன்று நாள் அளந்தேன். முதல் நாள் குடுவையோடு பாத்ரூமுக்குள் போகக் கூச்சம், இரண்டாம் நாள் பழகிவிட்டது, மூன்றாம் நாள் கொஞ்சம் ஆர்வமே வந்துவிட்டது. நோட்டைக் குளியலறை ஜன்னல் மேல் வைத்தேன், பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டேன். இரவில் சின்ன டார்ச் வெளிச்சத்தில் கோட்டைப் படித்து எழுதுவேன். இரண்டாம் நாளை மட்டும் இங்கே தருகிறேன், மற்ற இரண்டும் இதே மாதிரிதான்.

காலை 8.30-க்கு 190, 11.15-க்கு 220, மதியம் 1.40-க்கு 180, 4.30-க்கு 210, இரவு 7.15-க்கு 200, படுப்பதற்கு முன் 9.45-க்கு 160. பத்து மணிக்குப் படுத்தேன். 11.50-க்கு 240, 1.45-க்கு 260, 3.20-க்கு 230, 4.50-க்கு 190, காலை 6.10-க்கு எழுந்தவுடன் 210.

பிழை திருத்திய கண்ணுக்கு இதில் ஏதோ இடிக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.


பழைய ஓபி சிஸ்டர்:

அண்ணா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் ஓபியில் பாதிப் பேர் "நிறைய", "கொஞ்சம்" என்று எழுதிக்கொண்டு வருவார்கள்.

இடிப்பது இதுதான். படுத்த பிறகு போனதையெல்லாம் கூட்டுங்கள், காலை எழுந்தவுடன் போனதும் இரவுக் கணக்கில்தான் சேரும், ஏனென்றால் அது தூங்கும்போது சுரந்தது. 1,130 மில்லி வருகிறது. பகல் 1,160. மொத்தம் 2,290. எட்டு மணி நேர இரவில் பாதி, பதினாறு மணி நேரப் பகலில் பாதி! 65 வயதுக்கு மேல் இரவுப் பங்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினாலே இரவில் அதிகம் சுரக்கிறது என்று கணக்கு. உங்களுக்குக் கிட்டத்தட்ட 49 சதவீதம்.

இன்னொன்று, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு போகிறது பாருங்கள். இரவில் 190-லிருந்து 260 வரை. புராஸ்டேட் அடைத்துப் பை எரிச்சல்பட்டு எழுப்பியிருந்தால் 60, 80 என்று சின்னச் சின்னதாக இருந்திருக்கும். உங்கள் பை ஒழுங்காக நிரம்பி, ஒழுங்காகத்தான் எழுப்புகிறது. நிரப்புகிறவன் தான் வேறு எங்கேயோ இருக்கிறான். மதிப்பெண்ணில் 11-ல் 4 இந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது, அதையும் பாருங்கள்.

இனி மூன்று கேள்வி. சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் கோடு பதிந்திருக்கிறதா? அம்லோடிபின், அதுவும் 10 மில்லிகிராம், சிலருக்குக் காலில் நீர் கோக்க வைக்கும். பகல் முழுக்கக் காலில் தேங்கினது படுத்தவுடன் ரத்தத்துக்குத் திரும்பும், சிறுநீரகம் இரவெல்லாம் அதை இறைத்துத் தள்ளும். இரண்டாவது, குறட்டை உண்டா, மூச்சு நின்று நின்று வருகிறதா? தூக்கத்தில் மூச்சுத் தடைபட்டால் இதயம் ஒரு ஹார்மோனை விட்டு நீரை அதிகமாக்கும். இதை மனைவியிடம் கேளுங்கள், உங்களுக்குத் தெரியாது. மூன்றாவது, ஏழு மணிக்கு மேல் என்ன குடிக்கிறீர்கள்?

மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது. பிரஷர் எகிறினால் அதன் விலை வேறு. நோட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.


இரவுக்காவலன்:

சாக்ஸ் கோடா! ஒரு வருடமாக அது இருக்கிறது. எலாஸ்டிக் புதுசு, அதனால் இறுக்கம் என்று நினைத்து மூன்று ஜோடி மாற்றிவிட்டேன். குறட்டை இல்லை என்று சாட்சி சொல்கிறாள். எட்டரை மணிக்கு ஒரு டீ உண்டு, அது விட மனமில்லாத பழக்கம்.

யூராலஜி டாக்டரிடம் போகிறேன். வந்து சொல்கிறேன்.


இரவுக்காவலன் (இரண்டு மாதம் கழித்து):

சொன்னபடி வந்துவிட்டேன்.

டாக்டர் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்து மேஜையில் கவிழ்த்தார். நோட்டைத்தான் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். அப்புறம் குனிந்து என் கால் முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை அழுத்தி, எண்ணிக்கொண்டே இருந்து எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. "இதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்றார். பார்த்ததே இல்லை. என் கால்தான்.

விரல் பரிசோதனை நான் மூச்சைப் பிடித்து விடுவதற்குள் முடிந்தது. பெரிதாக, வழுவழுப்பாக, கெட்டி எதுவும் இல்லாமல் இருக்கிறது என்றார். யூரின் சுத்தம், கிரியாட்டினின் சரி. பிஎஸ்ஏ பேசிவிட்டுத்தான் பார்த்தோம், 2.4 வந்தது. யூரோஃப்ளோவில் ஆள் இல்லாத அறையில், தட்டுகிறவர் யாரும் இல்லாமல், 230 மில்லி போனேன். உச்ச வேகம் 12. உடனே அளந்ததில் மீதம் 40. அதே பை, அதே ஆள், 130 எங்கே, 40 எங்கே!

ஆக, கொஞ்சம் அடைப்பு இருக்கிறது, அதை அவர் மறுக்கவில்லை. வேண்டுமானால் டாம்சுலோசின் தருகிறேன், வேண்டாமென்றால் ஆறு மாதம் பார்க்கலாம், இரண்டுமே சரி என்றார். நான் பார்க்கலாம் என்றேன். ஆபரேஷன் பேச்சே எழவில்லை. மைத்துனருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

பிரஷர் டாக்டருக்குக் கடிதம் கொடுத்தார், அவர் இதயத்தையும் ஒரு எக்கோ எடுத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்த பிறகு மாத்திரையை மாற்றினார். சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்தரை வரை காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுத்திருக்கிறேன், படுப்பதற்கு முன்பே நீர் வடிந்து வெளியேறிவிட வேண்டும் என்பதற்காக. எட்டரை மணி டீயை ஐந்தரைக்கு மாற்றிக்கொண்டேன், பேரம் பேசித்தான்.

மூன்றாம் வாரம் சாக்ஸ் கோடு மறைந்தது. இப்போது இரவில் ஒரு தடவை, அபூர்வமாக இரண்டு. மறுபடி தாள் நிரப்பினேன். மற்ற ஆறு கேள்வியிலும் அதே பதில்தான், இரவு மட்டும் 4-லிருந்து 1. மொத்தம் 8. கணக்குப்படி இன்னும் நடுத்தரம்தானாம். எட்டாவது கேள்விக்கு இப்போது 2. 52 சிசி அப்படியே இருக்கிறது. சொட்டுகளும் இருக்கின்றன, அவற்றுக்கு ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கப் பழகிவிட்டேன்.

நண்பருக்கு ஆபரேஷன் முடிந்து குழாய் எடுத்தாகிவிட்டது. அவரிடமும் மூன்று நாள் அளந்து எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். நேற்றுப் போன் செய்து என் குடுவையைக் கேட்டார். புதுசாக ஒன்று வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டேன். பென்சிலையும் நூலையும் வேண்டுமானால் தரலாம்.